கோடை கணினிவழி அறிவியல் வகுப்பு: நாளைக்கு

மாணவர்களுக்கு வணக்கம். நாளை ஊட்டி வகுப்பில் வெந்நீர் ஆறுவதை அளந்து, அதையே பைத்தான் நிரல்மொழியில் கணக்கிடுகிறோம். எவர்சில்வர் டம்ளரும் 110 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் தெர்மாமீட்டரும் போதும். காய்ச்சல் பார்ப்பதைக் கொண்டுவராதீர்கள், வெடித்துவிடும். கணக்குக்கு நம்பை (NumPy), படம் வரைய மேட்பிளாட்லிப் (Matplotlib) என்ற பைத்தான் நிரல் தொகுப்புகள் இரண்டையும் இன்றிரவே வீட்டில் இறக்கிவிடுங்கள்.

தொடக்க வெப்பநிலைக்கு 100 என்று எழுதிவிட வேண்டாம். ஊட்டி இருக்கும் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். தெர்மாமீட்டர் காட்டுவதையே போடுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை, 30 நிமிடம் குறியுங்கள். நடுவில் காற்றடித்தால் ஆறும் வேகம் மாறி, கோடு பொருந்தாது.

ஆய்லர் முறையில் வெப்பநிலையைப் படிப்படியாகக் கணக்கிடுவோம். பலர் சறுக்குவது காலப்படியில்தான், அதாவது ஒரு படிக்கு எத்தனை நிமிடம் தாண்டுகிறோம் என்பதில்தான். ஆறும் விகிதம் நிமிடத்துக்கு 0.04 (அறை வெப்பநிலையோடு உள்ள வித்தியாசத்தில் 0.04 பங்கு) என்றால் 1 நிமிடப் படி நன்றாக வரும். 30 வைத்தால் விடை அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்கித் திரும்பும். 60 வைத்தால் மேலும் கீழுமாக ஊசலாடிப் பெரிதாகிக்கொண்டே போகும். நிரலில் பிழை தேடாதீர்கள். அது ஆய்லர் முறையின் எல்லை. மூன்றையும் ஒரே படத்தில் வரைந்து வாருங்கள், பார்க்கவே அழகாக இருக்கும்.