மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே, கண்ணா

அன்புள்ள கண்ணா,

"படபடப்புதான் நின்றுவிட்டதே அம்மா, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை இன்னும் எதற்கு?" என்று நேற்று போனில் கேட்டாய். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படபடப்பு வந்த அன்று இரவு மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு துடிப்பு ஒட்டினாற்போல் வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. பிறகு மூன்று, அவசர அவசரமாக. அடுத்தது விரலுக்கு எட்டியும் எட்டாமலும். எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. மறுநாள் இசிஜி தாளில் ஒவ்வொரு உயரமான கோட்டுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்க வேண்டும், உங்களுக்கு அது இல்லை என்று டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தனவாம். இந்த நோய்க்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயராம். அத்தனையும் கீழறைக்கு இறங்காமல் நடுவில் ஒரு கணு தடுத்துவிடுகிறது. அது மட்டும் இல்லையென்றால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் அந்த மாத்திரை படபடப்புக்கானது இல்லை, கண்ணா. மேலறை நடுங்கினால் ரத்தம் தேங்கும். இடது மேலறையோடு ஒட்டி ஒரு சின்னப் பை இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் ரத்தம் கட்டுகிறது. அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. தாளம் தவறுவது நமக்கே தெரியாமலும் நடக்கும். எனக்கு வயதும் ஆகிவிட்டது, பிபியும் இருக்கிறது. படபடப்பு இல்லை என்பதை நம்பி எப்படி விடுவது?

ஆஸ்பிரின் போதாதா என்றாய். நானும் டாக்டரிடம் கேட்டேன். இந்தக் கட்டியைத் தடுக்க அது போதாது, ரத்தக்கசிவு பயம் மட்டும் அதிலும் உண்டு என்றார். எனக்கும் பல் தேய்க்கும்போது சில நாள் ஈறில் ரத்தம் வருகிறது, மறைக்கவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விட மாட்டேன்.

உன் குறட்டையும் என் மனதை அரிக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இந்த நோயைக் கொண்டுவருமாம். தள்ளிப்போடாமல் ஒரு டாக்டரைப் பார்.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போடுகிறேன். இனி போன் பண்ணினால், "மாத்திரை போட்டாயா அம்மா?" என்று கேள்.

அன்புடன்,
அம்மா