துணையில்லாப் போர்

ஆசிரியருக்கு,

நட்பு நாடுகள் உடன்வராவிட்டாலும் ஒரு நாடு போரில் இறங்கலாமா என்று கேட்ட தலையங்கத்தைப் படித்தேன். எதிரி எல்லைக்குள் புகுந்துவிட்டால், சரி, யாரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மற்றபடி கூடாது. 1956-ல் அமெரிக்காவைக் கலக்காமல் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தின் சூயஸ் கால்வாய்ப் பகுதியில் படை இறக்கின. களத்தில் அவை தோற்கவில்லை. பிரிட்டனின் நாணயமான பவுண்டு ஆட்டம் கண்டதும் அமெரிக்கா கைகொடுக்க மறுத்தது, பிரிட்டன் பின்வாங்கியது. 1971-ல் வங்கதேச விவகாரத்தில் பாகிஸ்தானோடு மோதுவதற்கு முன் இந்தியா பொறுத்திருந்தது. ஆகஸ்டில் சோவியத் உடன்படிக்கை, அப்புறம் இந்திரா காந்தியின் மேற்கு நாட்டுப் பயணம், டிசம்பரில்தான் போர். ஐ.நா. பாதுகாப்பு அவையில் சோவியத் வீட்டோ நமக்கு எவ்வளவு உதவியது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள்.

எங்கள் பகுதியில் வளைகுடா நாடுகளுக்கு ஆள் போகாத தெரு குறைவு. 1990-ல் ஈராக் படையெடுத்தபோது குவைத்தில் சிக்கிய எங்கள் ஊர்க்காரர்கள் ஜோர்டான் வழிவிட்டதால்தான் அதன் தலைநகர் அம்மானிலிருந்து விமானம் ஏறி வீடு வந்து சேர்ந்தார்கள். தாக்குதலுக்கு முடிவெடுக்கும் எந்த அரசும், எந்தெந்த நாடுகள் துணை நிற்கும், வெளிநாட்டில் இருக்கும் தன் மக்களுக்கு யார் வழி திறப்பார்கள் என்பதை முதலில் நாடாளுமன்றத்தில் சொல்லட்டும்.

– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்