மேக்னம் கட்டியிருந்தது அப்பாவின் வாட்ச்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய தொலைக்காட்சித் துப்பறிவாளர்கள் கட்டியிருந்த கைக்கடிகாரங்களைப் பற்றி வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தே இரண்டு தரம் படித்தேன். மதுரையில் முப்பது வருடத்துக்கும் மேலாக வாட்ச் ரிப்பேர் செய்கிறவன் நான். அதற்கு முன்னால் 1984 முதல் ஏழு வருடம் துபாயில் ஒரு கடிகாரக் கடையின் பின்கட்டில் இதே வேலைதான். கடிகாரத்துக்கென்று ஒரு தமிழ்ப் பத்திரிகை முழுப் பக்கம் ஒதுக்கியதைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ‘மேக்னம் பி.ஐ.’ என்ற அமெரிக்கத் தொடரின் நாயகன் மேக்னம் பற்றி அதில் இருந்த பத்தி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் கையில் இருந்தது ரோலெக்ஸ் என்றும், இன்றைக்கு அது பல லட்சம் போகும் என்றும் எழுதிவிட்டு, அது அவனுடைய அப்பாவின் கடிகாரம் என்று தொடரில் காட்டியதைக் கட்டுரையாளர் ஒரே வார்த்தையில் ‘அபத்தம்’ என்று ஒதுக்கியிருக்கிறார். அந்த வார்த்தையைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ‘மேக்னம் பி.ஐ.’ அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1980 டிசம்பரில் தொடங்கி 1988 மே வரை ஓடிய தொடர். மொத்தம் 162 அத்தியாயங்கள். கதை நடப்பது ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஒவாஹுவில். வியட்நாம் போரில் இருந்த கடற்படை அதிகாரி ஒருவன் வேலையை விட்டுவிட்டுத் தனியார் துப்பறிவாளன் ஆகிறான். நடித்தவர் டாம் செல்லெக். நாங்கள் பார்த்ததெல்லாம் துபாயில், ஒரே அறையில் ஏழு பேர் படுத்திருந்த காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ கேசட்டுகளில். எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் கை தெரியும். அவன் தொலைபேசியை எடுக்கும்போதும் காரின் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதும் என் கண் அந்த மணிக்கட்டுக்குத்தான் போகும்.

அந்த மனிதனிடம் என்னதான் சொந்தமாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சிவப்பு ஃபெராரி அவனுடையது அல்ல. ராபின் மாஸ்டர்ஸ் என்ற பணக்கார எழுத்தாளருடையது. கடலோரத்து மாளிகையும் அவருடையதே. அதன் விருந்தினர் விடுதியில் இவன் தங்கியிருக்கிறான், அவ்வளவுதான். காரை எடுக்கவும் டென்னிஸ் ஆடவும் காமிராவை இரவல் வாங்கவும், மாளிகையைப் பார்த்துக்கொள்ளும் ஹிக்கின்ஸிடம் போய் நிற்க வேண்டும். வானத்தில் பறக்க வேண்டுமென்றால் நண்பன் டி.சி.யின் ஹெலிகாப்டர். கையில் காசு இருக்காது, எப்போதும் யாருக்காவது கடன்பட்டிருப்பான். எல்லாமே இரவல் வாங்கி வாழ்கிற ஒருவனின் கையில் அப்பா விட்டுப்போன வாட்ச் ஒன்று மட்டும் அவனுடையதாக இருக்கிறது. அதன் மதிப்பை எந்த ஏல விலையில் போட்டுக் காட்டுவது?

அதே காலத்தில் ‘மயாமி வைஸ்’ தொடரில் கிராக்கெட் என்ற போலீஸ்காரன் தங்க வாட்ச் கட்டியிருப்பான். போதைக் கடத்தல்காரன்போல வேஷம் போடுகிறவனுக்கு அது வேஷத்தின் ஒரு பகுதி. அங்கே விலையைப் பற்றி எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்திருக்கக் கூடாது.

மேக்னமின் கையில் முதலிலிருந்தே இந்த வாட்ச் இருந்ததாகக் கட்டுரை சொல்கிறது. அதுவும் சரியல்ல. ஆரம்ப வருடங்களில் அவன் கட்டியிருந்தது கறுப்பு நிறத்தில் குரோனோஸ்போர்ட் என்ற முக்குளிப்போர் கடிகாரம். அப்பாவின் கதையைச் சொன்னது 1983-ல் நான்காம் பருவத்தைத் தொடங்கிவைத்த அத்தியாயம். ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். ஒவ்வொரு வருடமும் அந்த நாளைத் தனியாகக் கழிக்கிற வழக்கமுள்ள மேக்னம், ஒரு சிறு படகுப் பலகையில் கடலுக்குள் போகிறான். வேகமாக வந்த மோட்டார் படகு ஒன்றால் கவிழ்ந்து, நீரோட்டத்தில் மாட்டிக் கரையைவிட்டு வெகுதூரம் அடித்துச் செல்லப்படுகிறான். பிறகு அந்த இரவு முழுக்க, பிடித்துக்கொள்ள ஒரு கட்டைகூட இல்லாமல், கைகாலை அசைத்து நின்ற இடத்திலேயே மிதக்க வேண்டும். அப்போதுதான் சிறுவயது ஞாபகம் வருகிறது. அப்பா கடிகாரத்தைப் பார்த்து நேரம் எண்ண, தண்ணீரில் தத்தளித்தபடி மிதக்கப் பழகும் ஒரு சின்னப் பையன். அந்த அப்பா கொரியப் போருக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை.

அந்த அத்தியாயம் முடிந்தபோது எங்கள் அறையில் யாரும் எழுந்து கேசட்டை மாற்றவில்லை. ஏழு பேரில் இரண்டு பேர் அப்பா செத்ததற்கு ஊருக்குப் போக முடியாதவர்கள்.

இப்போது பிழைக்கு வருகிறேன். கொரியப் போர் 1953-ல் நின்றுவிட்டது. அவன் கையில் இருந்த ரோலெக்ஸ், ஜிஎம்டி மாஸ்டர் என்ற வகை. அது வெளிவந்தது அதற்குப் பிறகுதான், 1950-களின் நடுவில். அதிலும் டாம் செல்லெக் கட்டியிருந்தது 16750 என்ற எண்ணுள்ளது. 1980-களின் தொடக்கத்தில் வந்த மாடல் அது. ஆக, அப்பா அதைக் கட்டியிருக்க வழியே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். போருக்கு முந்திய சாதாரணக் கடற்படைக் கடிகாரம் ஒன்றைக் கட்டிவிட்டிருந்தால் என்னைப் போன்றவர்களுக்குக் கண்ணில் தூசி விழுந்ததுபோல் இருந்திருக்காது.

ஆனால் அபத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், இந்த மேஜையில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். போன வருடம் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, கைக்குட்டையில் முடிந்து ஒரு எச்எம்டி ஜனதா கொண்டுவந்தார். “எங்க அப்பா கல்யாணத்துக்குக் கட்டின வாட்ச் தம்பி. அம்பத்தெட்டுல கல்யாணம். போட்டோகூட இருக்கு” என்றார். சாவி, கொடுத்துக் கொடுத்துப் பல்லெல்லாம் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. டயல் பழுத்து, ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் தேநீர்த் துளிபோல ஒரு கறை. மூடியைத் திறந்தேன். உட்பக்கத்தில், முன்னால் ரிப்பேர் பார்த்தவர்கள் ஊசியால் கீறிவைத்த அடையாளங்கள் நான்கு இருந்தன. வேலை எடுத்தால் அப்படிக் கீறிவைப்பது எங்கள் தொழில் வழக்கம். பேலன்ஸ் என்கிற, நேரத்தைச் சீராக வைக்கும் ஆடுசக்கரத்தின் அச்சு முறிந்திருந்தது. வேறொரு பழைய ஜனதாவிலிருந்து எடுத்துப் போட்டு ஓட வைத்தேன்.

பெங்களூரில் எச்எம்டி கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியதே 1961-ல்தான், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து. 1958-ல் நடந்த கல்யாணத்தில் அந்த வாட்ச் இருந்திருக்க முடியாது. கல்யாண வாட்ச் எங்கோ தொலைந்து, அந்த இடத்தில் இது வந்திருக்கலாம். அல்லது அடகுக் கடைக்குப் போய் மூழ்கியிருக்கலாம். அப்பா சொல்லாமலேயே விட்டிருப்பார். நானும் சொல்லவில்லை. அந்த அம்மா வாட்சைக் காதோடு வைத்து ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அப்பாவின் கையில் கேட்ட சத்தம்தானே. அதில் பொய் எதுவும் இல்லையே. குடும்பங்களில் கடிகாரங்கள் கைமாறும்போது வருடங்கள் இப்படிக் கொஞ்சம் முன்பின்னாக ஆகிவிடுகின்றன. தொடரை எழுதியவர்கள் தெரியாமல் செய்த பிழைதான். ஆனால் நிஜ வீடுகளிலும் நடக்கிற பிழை அது.

அடுத்து, மேக்னமின் ரோலெக்ஸில் டயலைச் சுற்றி இருக்கிற சிவப்பு நீல வளையம். அதைக் கட்டுரையாளர் அலங்காரம் என்று எழுதியிருக்கிறார். அது வேலை செய்கிற உறுப்பு. பான் ஆம் விமான நிறுவனத்தின் விமானிகள் கடல் தாண்டி நெடுந்தூரம் பறந்த காலத்தில், இறங்குகிற ஊரின் நேரமும் கிரீன்விச் நேரமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று கேட்டுச் செய்யவைத்த கடிகாரம் இது. வழக்கமான மூன்று முள்ளோடு, நுனியில் முக்கோணம் வைத்த நாலாவது முள் ஒன்று உண்டு. அது 24 மணி நேரத்துக்கு ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். வெளி வளையத்தில் 24 மணிக் கணக்கு இருக்கும். சிவப்புப் பாதி பகலுக்கு, நீலப் பாதி இரவுக்கு. 16750-ல் இந்த நாலாவது முள் மணி முள்ளோடு சேர்ந்தேதான் நகரும், தனியே திருப்ப முடியாது. அதனால் வேறு ஊர் நேரம் வேண்டுமென்றால் வளையத்தைத்தான் திருப்ப வேண்டும். ஹவாய் கிரீன்விச்சுக்குப் பத்து மணி நேரம் பின்தங்கியது. அங்கே பகல் 2 மணி என்றால் கிரீன்விச்சில் நள்ளிரவு. வளையத்தை இடப்பக்கமாகப் பத்து மணி அளவு திருப்பிவைத்தால் அந்த நாலாவது முள் சரியாக நள்ளிரவைக் காட்டும்.

துபாயில் இதே மாடலை ஒருவர் சர்வீஸுக்குக் கொண்டுவந்தார். கப்பலில் இன்ஜினீயர், நாகப்பட்டினம் பக்கம். வளையம் ஒன்றரை மணி அளவு இடப்பக்கம் தள்ளி நின்றது. நேராக வைத்துத் துடைக்கலாம் என்று கையை வைத்தேன். “அத மட்டும் திருப்பிடாதீங்கண்ணே, வீட்டு நேரம் அதுலதான் இருக்கு” என்றார். துபாய்க்கும் நம் ஊருக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். மகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம், மனைவி தூங்கப் போகிற நேரம் எல்லாம் அவருக்கு அந்த நாலாவது முள்ளில்தான் தெரியும். முழு மெஷினையும் கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டேன். தண்ணீர் புகாமல் காக்கிற ரப்பர் வாஷர்களை மாற்றினேன். கடைசியில் வளையத்தை அவர் வைத்திருந்த அதே ஒன்றரையில் நிறுத்திக் கொடுத்தேன். இதை அலங்காரம் என்று படித்தபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வாஷர் என்றதும் இன்னொன்று. ஒரு இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்த கடிகாரம் ஓடுமா என்றும் கட்டுரையாளர் சந்தேகப்பட்டிருக்கிறார். நன்றாக ஓடும். 16750 நூறு மீட்டர் ஆழம்வரை தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பக்கத்தில் இருக்கிற சாவி மரை போட்டு இறுகும். மிதக்கிறவனின் கை ஒரு அடி, இரண்டடி ஆழத்தில்தான் இருக்கும். வாஷர் காய்ந்து வெடிக்காமலும் சாவி முழுக்க இறுகியும் இருந்தால் போதும்.

ஆசிரியரிடம் இரண்டு வேண்டுகோள். வளையத்தைப் பற்றியும் முதல் வருடங்களின் வாட்சைப் பற்றியும் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். கட்டுரையின் கடைசியில், பழைய வாட்ச் வைத்திருக்கும் வாசகர்கள் டயலைப் புதிதாகப் பெயின்ட் அடித்துவைத்தால் நல்ல விலை கிடைக்கும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதையும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு இதுவரை மூன்று பேர் அப்பாவின் வாட்சை எடுத்துக்கொண்டு டயல் மாற்ற என் கடைக்கு வந்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் மெஷினை மட்டும் சரிசெய்து, டயலைத் தொடாமல் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
மதுரை.