கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு

அன்புள்ள சுபா,

உன் இரண்டு கடிதங்களும் மேசையிலேயே கிடக்கின்றன. பதில் போடாதது தப்புதான், நேரில் பார்க்கும்போது திட்டித் தீர்த்துவிடு. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. சின்னவன் பரீட்சையில் தேறிவிட்டான். ராஜி வழக்கம்போல ராஜி.

இப்போது அவசரமாக எழுதக் காரணமும் அவள்தான். புது வீட்டில் பழைய பாய்லரைத் தூக்கிவிட்டு, "இருப்பதிலேயே பெரியதாகப் போடுங்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறாயாமே! ஹாஸ்டலில் நாலு பேருக்கு அந்த அண்டாவை வாங்கி வந்தவள்தானே நீ, மாறவே இல்லையடி. இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றாள். நல்லவேளை.

போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேள். பல வாரமாகவே அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் மேலே சுட்டன, அடியில் சில்லென்று இருந்தன. பாய்லரின் பிரஷர் முள்ளும் இறங்கிக்கொண்டே வந்தது. ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அளவு) வரை நிற்க வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றி முள்ளைச் சரிசெய்தேன், அதுதான் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டு. ஒரு நாள் விடியற்காலையில் எல்லாம் நின்றுபோனது.

வந்த டெக்னீசியன் ஒரு ரேடியேட்டரிலிருந்து வாளியில் தண்ணீர் பிடித்தார். மை மாதிரி கறுப்பு. சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அதில் முக்கித் தூக்கினார். காந்தம் முழுக்கக் கறுப்பு மயிர் முளைத்ததுபோல் சகதி அப்பியிருந்தது. ரேடியேட்டரின் இரும்பே உள்ளுக்குள் துருப்பிடித்து அப்படி ஆகிறதாம். அது பம்பிலும், தீயின் வெப்பத்தைத் தண்ணீருக்கு ஏற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குறுகிய சந்துகளிலும் போய் அடைத்துக்கொள்கிறது. "அடிக்கடி தண்ணீர் ஏற்றுவீர்களா?" என்று கேட்டார். புதுத் தண்ணீர் வரும்போதெல்லாம் கூடவே ஆக்சிஜனும் வரும், அதுதான் துருவுக்குத் தீனி. எங்கோ ஒரு கசிவு இருந்திருக்கிறது. அதைத் தேடாமல் வாராவாரம் நானே துருவை வளர்த்திருக்கிறேன்.

சரி, பாய்லருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். 3 வருடம் பிரீமியம் தவறவில்லை. சகதியால் வந்த பழுது பாலிசியில் சேராது என்று கைவிரித்துவிட்டார்கள். வருடாந்திர சர்வீஸ் ரசீதும் கேட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் சர்வீஸ் செய்யவில்லை, அந்த ஒரு ரசீது என்னிடம் இல்லை. 11 நாள், சுபா. அம்மா இரண்டு ஸ்வெட்டரோடு படுத்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனால் அந்த வரி பாலிசியில் முதலிலிருந்தே இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அதனால் நீ பாலிசியில் எதற்குப் பணம் தருவார்கள் என்பதை அப்புறம் பார், எதற்குத் தரமாட்டார்கள் என்பதை முதலில் பார். சகதி, தண்ணீரின் உப்புப் படிவு, சேருவதற்கு முன்பே இருந்த பழுது, சேர்ந்த முதல் சில வாரங்களில் வரும் பழுது, இவையெல்லாம் பெரும்பாலும் வெளியேதான். ஒவ்வொரு கிளெய்முக்கும் உன் கையிலிருந்து முதலில் எவ்வளவு போட வேண்டும், வருடத்துக்கு உச்சவரம்பு உண்டா என்றும் கேள். புது பாய்லருக்குக் கம்பெனி வாரண்டி இருக்கும், அந்தக் காலத்தில் அதே பாய்லருக்கு இன்னொரு இன்சூரன்ஸ் எதற்கு? குழாய், ரேடியேட்டருக்கு வேண்டுமானால் யோசி, அவை அந்த வாரண்டியில் வராது. ஆனால் வாரண்டிக்கும் வருடா வருடம் சர்வீஸ் செய்த ரசீது கேட்பார்கள். தனிக் கோப்பு ஒன்று போட்டுவிடு.

இனி உன் அண்டா விஷயம். தண்ணீரை அப்போதைக்கப்போது சுடவைத்துக் கொடுக்கும் காம்பி வகையில், 24 கிலோவாட் இருந்தால் 35 டிகிரி சூடேற்றி நிமிடத்துக்கு 10 லிட்டர் போலக் கிடைக்கும். பெரிய பாய்லர் தேவைப்படுவது அப்படிக் குளிக்க வெந்நீர் தருவதற்குத்தான். அறைகளைச் சூடாக்க அவ்வளவு வேண்டியதே இல்லை. அளவுக்கு மீறி வைத்தால் எரிவதும் அணைவதுமாகவே கிடந்து, எரிபொருளையும் தின்று, பாகங்களும் சீக்கிரம் தேயும். வீட்டிலிருந்து வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்று அறை அறையாகக் கணக்கு எடுக்கச் சொல். எடுக்கமாட்டேன் என்பவர் வேண்டாம். எவ்வளவு தாழ்த்தி எரிக்க முடியும் என்றும் கேள், நல்ல பாய்லருக்கு அதுதான் அடையாளம்.

கண்டென்சிங் பாய்லர் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து அந்த வெப்பம் நமக்குத் திரும்பக் கிடைக்கும். பொருத்துபவர்கள் பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 80-ல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாங்கள் 60-க்குக் குறைத்தோம், வீடு இதமாகவே இருக்கிறது. (தொட்டியில் சேமிக்கும் வெந்நீர் மட்டும் 60-க்குக் குறையக் கூடாது, கிருமி வளரும்.) அந்த நீராவி தண்ணீராகி வெளியேறும் குழாய் வெளிச்சுவரில் ஓடினால் கடுங்குளிரில் உறைந்து பாய்லர் நின்றுவிடும். அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகச் சொல்.

முக்கியமாக, பழைய குழாய்களைக் கழுவாமல் புது பாய்லரை மாட்ட விடாதே. கழுவிய பிறகு துருத்தடுப்பு ரசாயனமும் ஒரு காந்த ஃபில்டரும் கட்டாயம். எங்கள் ஃபில்டரை முதல் சர்வீஸில் திறந்தபோது அதே கறுப்பு சகதி, நல்லவேளையாக ஒரு கைப்பிடிதான்.

அப்புறம் கார்பன் மோனாக்சைடு அலாரம், பாய்லர் சரியாக எரியாதபோது வரும் விஷவாயுவுக்கு. கீதாவின் மாமனார் வீட்டில் நடந்ததை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டுக்குள் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால், பாய்லரை அணைத்து, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போ, டாக்டரையும் பார். வீட்டுக்குக் குடிபோகும் முதல் நாளே அலாரத்தை மாட்டிவிடு.

கொட்டேஷன் தாளை ராஜியிடம் கொடுத்தனுப்பு. நான் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த ஆளுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

உன்
கமலா