துல்சாவில் மண்ணுக்குள் கிடந்த கார்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ மறுபடியும் படிக்கவும் எழுதவும் தொடங்கிவிட்டாய் என்பதில் எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. அமெரிக்காவில் புத்தம் புதிய காரைக் குழி தோண்டிப் புதைத்தார்களாமே, அது உண்மைதானா என்று கேட்டிருந்தாய். உண்மைதான். வாழ்நாள் முழுவதும் கான்கிரீட்டோடு பழகியவன் நீ என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓக்லஹோமா மாநிலம் உருவாகி 50 ஆண்டுகள் நிறைந்ததை 1957-இல் கொண்டாடியபோது, துல்சா நகரத்தார் அந்த ஆண்டு வெளிவந்த பிளிமத் பெல்வெடேர் கார் ஒன்றை ஜூன் 15 அன்று மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கான்கிரீட் அறை கட்டி மண்ணுக்குள் இறக்கினார்கள். பொன்னும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய, பின்புறம் துடுப்புகள் போல உயர்ந்து நிற்கும் அழகான கார் அது. மாநிலத்தின் நூற்றாண்டான 2007-இல் அதை வெளியே எடுக்க வேண்டும்; அப்போது துல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்பதை மிக நெருக்கமாகக் கணித்து எழுதியவருக்கு, அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளுக்கு, கார் சொந்தம் என்பது ஏற்பாடு.

என் மனத்தைத் தொட்டது காரோடு அவர்கள் வைத்த பொருள்கள்தாம். 50 ஆண்டுகளில் பெட்ரோலே வழக்கொழிந்து போகலாம், காரைப் பெறுகிறவர் அதை ஓட்ட வழியின்றி நிற்கக் கூடாது என்று எண்ணி, 10 கேலன் பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் சேர்த்து வைத்தார்கள். ஒரு பெட்டி பீரும் இருந்தது. ஒரு பெண்ணின் கைப்பையில் அன்றாடம் இருக்கக்கூடிய உதட்டுச்சாயம், கொண்டை ஊசிகள், சூயிங்கம், சிகரெட், கொஞ்சம் சில்லறை ஆகியவற்றோடு, கட்டாமல் விட்ட பார்க்கிங் அபராதச் சீட்டு ஒன்றையும் டாஷ்போர்டு அறைக்குள் வைத்திருந்தார்கள். முகம் தெரியாத மனிதர்களுக்காக இவ்வளவு யோசித்தவர்களை நான் உறவினர்களைப் போலவே நினைக்கிறேன்.

அந்த அறை அணுகுண்டுத் தாக்குதலையும் தாங்கும் என்று அன்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் 2007 ஜூனில் மூடியைத் திறந்தபோது உள்ளே சுமார் 4 அடி தண்ணீர் நின்றது. சுவரில் இருந்த கறையைப் பார்த்தால், ஒரு காலத்தில் கார் முழுவதுமே மூழ்கிக் கிடந்திருக்கிறது. அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பிளாஸ்டிக் உறையை நீக்கியபோது, சேறும் துருவும் அப்பிய உடலும், உளுத்துப்போன சட்டமும், எவ்வளவு முயன்றும் உயிர்பெறாத எஞ்சினும்தான் மிஞ்சியிருந்தன. அந்த ஆண்டின் பிளிமத் கார்கள் சாலையில் ஓடும்போதே எளிதில் துருப்பிடிப்பவை என்று பெயர் வாங்கியவை. நீரில் கிடந்த ஒன்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீர் புகாத வரையில் அந்த உறை காரைக் காத்திருக்கும். நீர் புகுந்த பிறகு அதே உறை ஈரத்தை வெளியே விடாமல் உள்ளே பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு.

அருகிலேயே புதைத்திருந்த எஃகுக் குப்பி ஒன்று மட்டும் தப்பியது. வாயைப் பற்றவைத்து மூடியிருந்ததால் உள்ளே இருந்த காகிதங்களும் அமெரிக்கக் கொடியும் நனையாமல் இருந்தன. அந்தக் கொடியில் 48 நட்சத்திரங்களே உண்டு. அலாஸ்காவும் ஹவாயும் மாநிலங்களானது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1959-இல்தான்.

போட்டியில் வென்றவர் எழுதியிருந்த எண் 3,84,743. உண்மையான மக்கள்தொகை 3,82,457. அரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வளவு நெருக்கமாகக் கணித்தவர் 1979-இலேயே காலமாகிவிட்டதால், கார் அவருடைய உறவினர்களுக்குச் சேர்ந்தது. நியூ ஜெர்சியைச் சேர்ந்த துரு நீக்கும் நிறுவனம் ஒன்று அதைப் பொறுமையாகச் சுத்தம் செய்தபோது, சேற்றுக்கு அடியில் பழைய வண்ணம் ஆங்காங்கே தெரிந்தது. ஆனால் தகடு மெலிந்துவிட்டதால் மறுபடியும் ஓட வைக்க வழியில்லை. நெடுநாள் கிடங்கில் கிடந்த பிறகு, இல்லினாய் மாநிலத்து ராஸ்கோ என்ற ஊரின் கார் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பலரும் இதைப் பெரிய தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1957-ஆம் ஆண்டின் பெல்வெடேரைச் செப்பனிட்டுப் பளபளப்பாக வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு நகரமே கூடி மண்ணுக்குள் இறக்கி, ஒரு தலைமுறை கடந்து காத்திருந்து எடுத்த கார் இது ஒன்றுதான். துருவோடு அப்படியே வைத்திருப்பதே நியாயம்.

துல்சாக்காரர்கள் மனம் தளர்ந்தவர்களும் அல்லர். முதல் காரை எடுப்பதற்கு முன்பே, 1998-இல், பிளிமத் பிரௌலர் என்ற இன்னொரு காரையும் அவர்கள் பூட்டி வைத்துவிட்டார்கள். அதை 2048-இல் திறப்பதாக ஏற்பாடு. இம்முறை மண்ணுக்கு அடியில் போகாமல், பூங்கா ஒன்றில் தரைக்கு மேலேயே அறை கட்டியிருக்கிறார்கள். பிளிமத் என்ற பெயரில் கார் செய்வதே 2001-இல் நின்றுவிட்டது என்பதால், அதைத் திறக்கிறவர்களுக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கலாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நிலத்தடித் தொட்டிகள் கட்டிய காலத்தில் சுவரும் அடித்தளமும் சேரும் இடத்தில் கசிவை எப்படித் தடுத்தீர்கள்? அந்த முறை 1957-இல் துல்சாவில் கையாளக் கூடியதாக இருந்திருக்குமா? கண்ணுக்குச் சிரமம் தராத அளவில் பதில் எழுது. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
ராமநாதன்