படத்துக்குக் கீழே ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் 12, சிறுவர் தொழிலுக்கு எதிரான நாளன்று நீங்கள் முதற்பக்கத்தில் போட்ட படம் இன்னும் எங்கள் வீட்டு மேசையில்தான் கிடக்கிறது. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற ஒரு பெடியன், கீழே 'வாடும் பிஞ்சு' என்று இரண்டு சொல். எத்தனை வயது, காலையில் எத்தனை மணிக்கு வருகிறான், கையில் என்ன கொடுக்கிறார்கள், ஒன்றுமே இல்லை.

நியூயோர்க்கில் வாத்தியாராக இருந்த லூயிஸ் ஹைன் என்பவர் 1908இல் சிறுவர் தொழிலை ஒழிக்கப் பாடுபட்ட தேசிய சிறுவர் தொழில் குழுவுக்காகக் கமராவோடு அமெரிக்காவின் பஞ்சாலை, சுரங்கம் என்று அலையத் தொடங்கினார். முதலாளிமார் சும்மா உள்ளே விடுவார்களா? பைபிள் விற்க வந்தேன், இயந்திரங்களைப் படமெடுக்க வந்தேன் என்று புளுகித்தான் நுழைவாராம். தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்திருந்ததால், பிள்ளை எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்தாலே உயரம் தெரிந்துவிடும். கையைப் பொக்கெட்டுக்குள் விட்டபடியே அதைக் குறித்தும் கொள்வார். வயதைக் கூட்டிச் சொல்லலாம், உயரத்தை எப்படிக் கூட்டுவது?

வட கரோலினாவின் விட்னெல் பஞ்சாலையில் எடுத்த படமொன்றின் குறிப்பைப் பாருங்கள்: பிள்ளையின் உயரம் 51 அங்குலம், ஆலைக்கு வந்து ஒரு வருடம், சில நாள் இரவு வேலையும் உண்டு, கூலி நாளுக்கு 48 சதம். வயதைக் கேட்டால் தயங்கி, ஞாபகமில்லை என்றவள், பிறகு மெதுவாக, வேலை செய்கிற வயது எனக்கு இல்லை, ஆனாலும் செய்கிறேன் என்றாளாம். இதில் 'பிஞ்சு' எங்கேயாவது இருக்கிறதா?

படம் வந்த கையோடு எல்லாம் மாறிவிடவும் இல்லை. சிறுவர் தொழிலைக் கட்டுப்படுத்த அங்கே 1916இல் வந்த சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, நிலைத்து நின்ற சட்டம் 1938இல்தான் வந்தது. மனுசன் 1940இல் வறுமையில் செத்துப்போனார்.

இங்கே இலங்கையில் 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்க முடியாது. சட்டம் அப்படி, ஆனால் எங்கள் தொடர்மாடியிலேயே ஒரு வீட்டில் மலைநாட்டிலிருந்து வந்த பிள்ளை வேலைக்கு நின்றது. கேட்டால் 'தூரத்துச் சொந்தம்' என்பார்கள். அந்தப் பிள்ளை கொண்டுவந்து தந்த தேத்தண்ணியை நானும் குடித்திருக்கிறேன், வயதைக் கேட்கவில்லை. ஃபிரிட்ஜின் மேல் கதவுப் பிடிக்கு அவளின் கை எட்டவில்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால் உங்களை மட்டும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை, சரி.

ஹைன் பிள்ளைகளின் பெயரையும் எழுதினார், அது அந்தக் காலம். இன்றைக்கு முகமும் பெயரும் வெளியே வரக் கூடாது. நீங்களோ முகத்தை அப்படியே போட்டுவிட்டு, எழுத வேண்டிய விபரத்தையெல்லாம் விட்டுவிட்டீர்கள். அடுத்த முறை முகத்தை மறையுங்கள். வேலை நேரம், கூலி, எந்த வகுப்போடு படிப்பை விட்டான் என்பதைக் கேட்டு எழுதுங்கள். முறைப்பாடு செய்ய 1929 என்ற தொலைபேசி இலக்கத்தையாவது பக்கத்தில் போட்டிருக்கலாம். அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது ஒரு நகைக்கடை விளம்பரம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6