தறிக்குடோன் சுவரில் ஜன்னல் திறக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்லடம் பக்கம் 27 வருஷமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் தறிக்குடோன்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். சிமென்ட் சீட்டுக்குக் கீழே மதியத்தில் நிற்க முடியாது. "மேற்குச் சுவர்ல ரெண்டு ஜன்னல் திறந்து விடுங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உள்ள வரட்டும்" என்பார்கள். நியாயமான ஆசைதான். அடுத்து, "ஒரே நாள்ல முடிச்சிரலாங்களா?" என்று கேட்பார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன சித்திரையில் ஒரு குடோனிலிருந்து அவசரமாக அழைப்பு. வேறு ஆட்கள் பிரேக்கர் மெஷினை வைத்துக் காலையிலேயே நாலு அடி அகலத்துக்குச் சுவரை உடைத்துவிட்டார்கள். திறப்புக்கு மேலே சுவர் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் உத்திரம், அதாவது லிண்டல் இல்லை, முட்டு இல்லை. நான் போனபோது மேலே ஐந்து வரி செங்கல் வயிறு தள்ளித் தொங்கியது. மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறி, கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ்ஸின் கால் உட்கார்ந்திருந்த இடம்வரை போயிருந்தது. அதற்கு நேர் கீழே 19 வயதுப் பையன் ஒருவன் டீ குடித்துக்கொண்டு நின்றான். அவன் தோளில் மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. அவனை இழுத்து வெளியே விட்டு, அதிர்வு அடங்கத் தறிகளை நிறுத்தச் சொல்லி, சவுக்கு மரம் கொடுத்து முட்டு நிறுத்தினோம். அரை மணி நேரத்தில் இரண்டு வரி தானாக விழுந்தது.

பழைய குடோன்களில் பெரும்பாலும் கான்கிரீட் தூண் கிடையாது. ஒன்பது இஞ்சு செங்கல் சுவர்தான் டிரஸ்ஸையும் சீட்டையும் தாங்குகிறது. அந்தச் சுவரே ஒரு சதுர அடிக்கு 40 கிலோ வரும். நாலு அடி ஜன்னலுக்கு மேலே மூன்று அடி சுவர் இருந்தால் கிட்டத்தட்ட 480 கிலோ. உடைத்தவுடன் அது விழாது. செங்கல் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். உள்ளே மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர் என்றால் அந்தக் கவ்வலும் குறைவு. ஜன்னல் சட்டம் தாங்கிக்கொள்ளும் என்று நினைப்பதும் தவறு. பாரம் ஏறினால் சட்டம் வளையும், கதவு சாத்த வராது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். டிரஸ் காலுக்குக் கீழே ஜன்னலே வைக்க மாட்டேன், இரண்டு டிரஸ்ஸுக்கு நடுவில்தான். நாலு அடி ஜன்னலுக்கு ஐந்தரை அடி நீளம், நாலரை இஞ்சு அகலம், ஆறு இஞ்சு உயரத்தில் இரண்டு லிண்டல் தரையிலேயே போட்டு, இரண்டு வாரம் தண்ணீர் விட்டு ஆற்றுவேன். ஒன்று 70 கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்க மூன்று பேர் வேண்டும். முக்கியமான கம்பி அடிப்பக்கம் இருப்பதால் கரியால் 'அடி' என்று எழுதிவிடுவேன். தலைகீழாக ஏற்றினால் அந்தக் கம்பியால் பிரயோஜனமில்லை.

அப்புறம் வெளிப்பக்கம் மட்டும் உளியால் பாதிக் கனம் வெட்டி, இரண்டு வரி செங்கலை எடுத்து, முதல் லிண்டலை நுழைப்போம். இரு முனையும் சுவரில் ஒன்பது இஞ்சு உட்கார வேண்டும். மேலே இருக்கும் சந்தில் ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையைக் கெட்டியாகக் குழைத்து, கருங்கல் சில்லு ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். இதை அவசரத்தில் விட்டால் சுவர் லிண்டல்மேல் இறங்கி விரிசல் விடும். நாலு நாள் கழித்து உள்பக்கம் இதே வேலை. அதற்குப் பிறகும் ஒரு வாரம் விட்டுத்தான் கீழே உடைப்பேன், அதுவும் மேலிருந்து ஒவ்வொரு வரியாக.

சரி, இதற்குக் கூலி கூடத்தான் ஆகும். ஒரு நாளில் முடிக்கச் சொல்லும் வேலையை நான் ஒப்புக்கொள்வதில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் எங்கள் ஆட்களுக்குத் தரும் பயிற்சியில் இந்த வேலையையும் செய்து காட்ட வேண்டும். புதுச் சுவர் கட்டத் தெரிந்த பையன்கள் நிறைய இருக்கிறார்கள். நிற்கிற சுவரைத் திறக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

குடோன்காரர்கள் மாசியிலேயே லிண்டலைப் போடச் சொல்லிவிடுங்கள், பங்குனிக்குள் ஆறிவிடும். சுவரில் கை வைக்கிற நாட்களில் அந்தப் பக்கத் தறிகளை நிறுத்தி வையுங்கள்.

ஒரு கொத்தனார்,
பல்லடம்